அக்காவின் இடுப்பே எங்கள் காப்பகம்

எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக் காப்பகம் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பதிவு எண் கிடையாது. என் பெரியம்மா வீட்டுத் திண்ணையும் வாசலில் நிற்கும் வேப்பமரத்து நிழலும்தான் அது. காலையில் நடவுக்கும் களைக்கும் கட்டட வேலைக்கும் கிளம்புகிற பெண்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போகிறார்கள். சில நாள் நான்கு பிள்ளைகள், அறுப்புக் காலத்தில் எட்டு ஒன்பது. பெரியம்மா சோறு ஊட்டுவார். அவர் மருமகள் கழுவி விடுவார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பேத்தியும் சேர்ந்துகொள்வாள். கைக்குழந்தை என்றால் மரத்தில் ஏணை கட்டிவிடுவார்கள். இதற்குக் கட்டணம் என்று எதுவும் பேசியதில்லை. ஒருத்தி பத்து ரூபாய் கொடுப்பாள், ஒருத்தி கீரைக்கட்டு கொண்டுவந்து வைப்பாள், அறுப்பு முடிந்தால் கொஞ்சம் நெல் வரும்.

சில மாதங்களுக்கு முன் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். குடும்பத்தில் யார் யார், என்ன தொழில் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், பெரியம்மாவைக் காட்டி "அவங்க?" என்றார். மருமகள் பதில் சொன்னார்: "அத்தை சும்மா வீட்டுலதான் இருக்காங்க." அவரும் எழுதிக்கொண்டு போனார். அப்போது பெரியம்மாவின் மடியில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது, இன்னொன்று முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டுமே எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் இல்லை.

அந்தச் 'சும்மா'வைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெரியம்மா பிள்ளை தூக்கத் தொடங்கியது இந்த வயதில் அல்ல. அவருக்கு ஏழு வயது நடக்கும்போது. கீழத்தஞ்சையில் பாட்டியும் தாத்தாவும் பண்ணை வேலை பார்த்தவர்கள். பாட்டிக்கு ஆறு பிள்ளைகள் தங்கின. மூத்தவர் பெரியம்மா. பிள்ளை பெற்ற உடம்பு தேறுவதற்குள் பாட்டி நடவுக்கு இறங்கிவிடுவார். கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியம்மா வரப்போரமாக உட்கார்ந்திருப்பார். பிள்ளை அழுதால் கரையேறிப் பால் கொடுக்கக் காரியக்காரர் விட மாட்டார். நாற்று முடியும்வரை வயலில் குனிந்தபடியே இருக்க வேண்டும். பால் கட்டி ரவிக்கை நனையும், ரவிக்கை போட அனுமதி இல்லாத காலத்தில் அது சேற்றில் சொட்டும் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். பி. சீனிவாசராவ் போன்றவர்கள் வந்து சங்கம் கட்டிய பிறகுதான் சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிந்தன, கரையேறிப் பால் கொடுக்கவும் வாய் திறந்து கேட்க முடிந்தது என்பார். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலியைப் பற்றியும் வெளியேற்றத்தைப் பற்றியும் அது பேசியது. வரப்பில் கிடந்த பிள்ளைக்கு அதில் இடமில்லை. அதைத் தூக்கி வைத்திருந்த ஏழு வயதுச் சிறுமிக்கும் இடமில்லை.

காமராசர் காலத்தில் பள்ளியில் மதியச் சோறு வந்தபோது பெரியம்மாவும் போனார், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு. ஒரு வாரம் பார்த்த வாத்தியார், "பிள்ளைய வீட்டுல விட்டுட்டு வா, இல்லேன்னா வராத" என்று சொல்லிவிட்டார். விடுவதற்கு வீட்டில் ஆள் இல்லை. பெரியம்மா போகவில்லை. அத்தோடு அவர் படிப்பு முடிந்தது. ஆனால் அவருக்கு எட்டு வயது இளையவரான என் அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தார். ஏனென்றால் கடைசித் தம்பியைத் தூக்கப் பெரியம்மா இருந்தார். அம்மா எட்டாவது படித்ததால் நான் கல்லூரிக்குப் போனேன். "ஒங்கம்மாவத் தூக்கித்தான் என் இடுப்பே கோணிக்கிச்சு" என்று பெரியம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள என்னால் முடிந்ததில்லை.

இதை வாசிக்கிற உங்களில் பலர் வீட்டிலும் இப்படி ஓர் அக்கா, ஒரு பெரியம்மா, ஓர் அத்தை இருப்பார். சேரியில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளைப் பற்றி நிறைய எழுதுகிறோம். அந்தப் பட்டத்துக்காகப் பள்ளியை விட்டு நின்ற சிறுமிகளைப் பற்றி எழுதுவதில்லை.

வாசல் உள்ள இடத்துக்கு வந்த சட்டம்

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வேலை கொடுப்பவனுக்கும் உண்டு என்ற பேச்சு இந்த நாட்டில் எப்போது எழுந்தது? பருத்தி ஆலைகளிலும் சுரங்கங்களிலும்தான். பம்பாய் ஆலைகளுக்குப் போன தாய்மார்கள் பிள்ளைகள் அழாமல் தூங்க அபின் கொடுத்துவிட்டுப் போனார்கள். 1931-இல் அறிக்கை தந்த அரச தொழிலாளர் ஆணையம், விட்லி ஆணையம் என்று அறியப்படுவது, இதைப் பதிவு செய்தது. அந்தத் தாய்களை ஈவிரக்கமற்றவர்கள் என்று சொல்வது எளிது. பிள்ளையை விட ஓர் இடம் இல்லாதவள் வேறு என்ன செய்வாள்? 1934 தொழிற்சாலைச் சட்டம், பெண்கள் அதிகம் வேலை செய்யும் ஆலைகளில் பிள்ளைகளுக்கு அறை ஒதுக்கச் சொல்லி விதி செய்யலாம் என்று மாகாண அரசுகளுக்கு அதிகாரம் கொடுத்தது. 'செய்யலாம்' என்பதோடு நின்றது.

இங்கே அண்ணல் அம்பேத்கரின் பங்கைப் பேசாமல் போக முடியாது. அரசியல் சட்டத்தை எழுதியவர் என்று அவரைக் கொண்டாடுகிறோம். தொட்டிலைப் பற்றிச் சட்டம் செய்தவர் என்று கொண்டாடுவதில்லை. 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அவர் ஆதரித்துப் பேசினார். பெண்ணை வேலைக்கு வைத்து லாபம் பார்க்கிற முதலாளி அவள் பிள்ளைப்பேற்றின் சுமையிலும் ஒரு பங்கைத் தாங்க வேண்டும் என்பது அவர் வாதம். அதாவது பிள்ளை என்பது தாயின் சொந்தக் கவலை மட்டும் அல்ல. அடுத்த ஆண்டு அந்தச் சட்டம் நிறைவேறியது.

1942-இல் அவர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்றார். ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்த பெண்கள் பெரும்பாலும் பழங்குடிகளும் பாவுரி போன்ற தீண்டப்படாத சாதியினரும்தான். போரினால் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பெண்கள் நிலத்தடியில் இறங்கக் கூடாது என்றிருந்த தடையை 1943-இல் அரசு விலக்கிக்கொண்டது. அவர் பொறுப்பில் இருந்த துறை அது. அவர் மீது கடும் விமர்சனம் வந்தது. 1944-இல் சட்டமன்றத்தில் அவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. அதே காலத்தில்தான் சுரங்கப் பெண்களுக்கான மகப்பேறு உதவிச் சட்டம் திருத்தப்பட்டது. 1945-இல் ஓர் அவசரச் சட்டத்தின் வழியே, பெண்கள் வேலை செய்யும் சுரங்கங்களில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறைகள் வைக்கச் சொல்லும் அதிகாரம் அரசுக்கு வந்தது. 1946-இல் நிலத்தடி வேலைக்குத் தடை திரும்பி வந்தது, சுரங்கக் காப்பக விதிகளும் வந்தன. தொட்டில் என்பது தர்மம் அல்ல, முதலாளியின் கடமை என்று சட்டப் புத்தகத்தில் ஏறிய வரலாறு இது.

விடுதலைக்குப் பிறகு 1948 தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் கட்டாயம் என்றது. 1976-இல் அந்த எண் 30 ஆனது. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் உள்ள தோட்டத்தில் காப்பகம் என்றது. பீடித் தொழிலுக்கு 1966-இல், கட்டடத் தொழிலுக்கு 1996-இல் என்று ஒவ்வொன்றாக வந்தன.

இவற்றில் தோட்டக் காப்பகம் நமக்கு நெருக்கமானது. வால்பாறைக்கும் நீலகிரிக்கும் மூணாறுக்கும் இலங்கை மலையகத்துக்கும் கங்காணிகள் ஓட்டிக்கொண்டு போன மக்களில் பெரும்பங்கு பறையரும் பள்ளரும் அருந்ததியரும்தான். இலங்கை மலையகத்தில் தோட்டக் காப்பகத்தைப் 'பிள்ளை மடுவம்' என்பார்கள். கொழுந்து பறிக்கப் போகுமுன் தாய் பிள்ளையை அங்கே விடுவாள். கொழுந்து பறிக்க முடியாத வயதான பெண் ஆயாவாக இருப்பார். துரைமார் இதைப் பிள்ளைகள் மீதுள்ள பாசத்தால் கட்டவில்லை. தாயின் இரண்டு கைகளும் கொழுந்துக்கு வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு கூரை, ஒரு தொட்டில், கூலி வாங்கும் ஓர் ஆயா என்று மூன்றும் அங்கே இருந்தன.

எங்கள் வயலில் ஏன் இல்லை? இந்தச் சட்டங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாமே ஒரு வாசலில் நின்று தலையை எண்ணுகின்றன. ஆலைக்கு வாசல் உண்டு, சுரங்கத்துக்கு வாய் உண்டு, தோட்டத்துக்கு மஸ்டர் உண்டு. ஐம்பது பெண்கள் என்று எண்ண முடியும். வயலுக்கு வாசல் இல்லை. இன்றைக்கு இவர் நிலம், நாளைக்கு அவர் நிலம். பத்துப் பேர் நடவு, ஆறு பேர் களை. செங்கல் சூளையில் குடும்பமாக வேலை செய்தால் கணவன் பெயர் மட்டும்தான் கணக்கில் இருக்கும். விடியற்காலையில் தெருக்கூட்டப் போகும் ஒப்பந்தப் பெண்ணின் பிள்ளை அந்த நேரத்தில் எங்கே என்று எந்த நகராட்சி கேட்டது? தலித் பெண்கள் அதிகம் வேலை செய்யும் இடங்கள் எவையோ, அவையே இந்த எண்ணிக்கைக்கு வெளியே நின்றன. அங்கெல்லாம் சட்டத்தின் இடத்தை நிரப்பியது அக்காதான்.

முற்றத்துக்கு வந்த பள்ளி

அக்காவைக் கண்ணில் பார்த்து, அவளுக்காகவும் யோசித்த ஒரு முயற்சி மராட்டியத்தில் நடந்தது. தாராபாய் மோடக் 1945-இல், அன்றைய தானே மாவட்டத்துக் கடலோர ஊரான போர்டியில் கிராமத்துக் குழந்தைகளுக்கான மையம் தொடங்கினார். அவரோடு சேர்ந்தவர் அனுதாய் வாக். பதின்மூன்று வயதில் திருமணம், சில மாதங்களில் கைம்மை, அதற்குப் பிறகு படித்து ஆசிரியையானவர். ஊரில் ஒரு மையம் வைத்தால் எல்லாப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள் என்ற நினைப்பு நடைமுறையில் உடைந்தது. வராத பிள்ளைகளைத் தேடி அவர்கள் குடியிருப்புக்கே போய், வீட்டு முற்றத்தில், அந்த வீட்டாருக்குத் தோதான நேரத்தில் நடத்தினார்கள். முற்றத்துக்கு அங்கே 'அங்கண்' என்று பெயர். 'பால்வாடி' என்ற சொல்லும் தாராபாய் உருவாக்கியதுதான். நம் ஊரில் அதைப் பால் கொடுக்கும் இடம் என்று நினைத்துக்கொண்டோம். அங்கே 'பால்' என்றால் குழந்தை.

பத்தாண்டுகளுக்குப் பிறகு கோஸ்பாட் மலைப்பகுதிக்குப் போனார்கள். வார்லிப் பழங்குடி மக்களின் ஊர்கள் அவை. பெரிய பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று பார்த்தால் இரண்டு காரணங்கள். ஒன்று மாடு மேய்த்தல், இன்னொன்று தம்பி தங்கையைத் தூக்குதல். மாடு மேய்ப்பவர்களுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி வைத்தார்கள். தூக்குபவர்களுக்குத் தொட்டில் காப்பகம், பால்வாடி, தொடக்கப்பள்ளி மூன்றையும் ஒரே இடத்தில் வைத்தார்கள். அக்கா தம்பியோடு வருவாள், தம்பியைத் தொட்டிலில் விடுவாள், பக்கத்து வகுப்பில் உட்காருவாள். எங்கள் ஊர் வாத்தியாருக்குத் தோன்றாத யோசனை இதுதான். யாரோ வந்து நம்மை உயர்த்தினார்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. சிறுமியின் இடுப்பிலிருந்து பிள்ளையை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும், அது பள்ளிக்குப் பக்கத்திலேயே வேண்டும். வழி அன்றைக்கே தெரிந்திருந்தது என்பதைச் சொல்லத்தான்.

1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 இடங்களில் தொடங்கியது. அதன் மையத்துக்கு அங்கன்வாடி என்றே பெயர். தமிழ்நாட்டில் 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் மையங்களில் சோறு கிடைத்தது. எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் பலர் பள்ளிக்கூடம் போனதற்கு இது ஒரு காரணம் என்று அடித்துச் சொல்வேன். தம்பி பால்வாடியில், அக்கா பள்ளியில். 1986 தேசியக் கல்விக் கொள்கையும் இதை ஒப்புக்கொண்டது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமிகள் பள்ளிக்கு வரவேண்டும் என்றால் பகல்நேரக் காப்பகங்கள் வேண்டும் என்று அதில் எழுதினார்கள்.

எழுதியதோடு சரி. அங்கன்வாடி சோறு போட்டது, பாட்டுச் சொல்லிக்கொடுத்தது, எடை பார்த்தது. ஆனால் கைக்குழந்தையை நாள் முழுதும் வைத்துக்கொள்ள அது கட்டப்படவில்லை. நடவுக்குப் போன தாய் திரும்புவதற்கு முன்பே மையம் பூட்டிவிடும். ஒரு வயதுப் பிள்ளைக்கு அங்கே தொட்டில் இல்லை. அந்த ஒரு வயதும், அந்தப் பிற்பகலும் மறுபடி அக்காவிடமே வந்தன. அக்கா பள்ளிக்குப் போய்விட்ட பிறகு பாட்டியிடம் வந்தன. பெரியம்மாவின் திண்ணைக்கு இப்படித்தான் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்.

யாருடைய கை

இதில் சாதி எங்கே வருகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளைக்காரன் காலத்துச் சென்னையில் துரை வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த ஆயாக்களில் நம் பெண்கள் இருந்தார்கள். ஊர்த்தெருப் பிள்ளைகளுக்குப் பிரசவம் பார்த்து முதல் முதலில் கையில் ஏந்தியதும் நம் பெண்கள்தான். அந்தக் கை தொட்டால் அப்போது தீட்டு இல்லை. அதே கைக்கு அரசு வேலை கிடைத்து, சம்பளம் கிடைத்து, கரண்டி பிடித்தால் தீட்டு வந்துவிடுகிறது. 2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள். அவரை முதலில் இடமாற்றம் செய்தது நிர்வாகம். போராட்டத்துக்குப் பிறகே மாற்றம் ரத்தானது. 2019-இல் மதுரை மாவட்டத்தில் அங்கன்வாடிப் பணிக்கு வந்த இரண்டு தலித் பெண்களை ஏற்க மாட்டோம் என்று பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். அங்கேயும் முதலில் நடந்தது இடமாற்றம்தான்.

இலவசமாகச் செய்தால் பாசம், கூலிக்குச் செய்தால் தீட்டு. இந்தக் கணக்கை நாமும் கவனிக்காமல் இருக்கிறோம். பெரியம்மாவின் வேலையைச் 'சும்மா' என்று சொன்னது ஊர்த்தெருக்காரர் இல்லை, எங்கள் வீட்டுப் பெண்தான்.

ஒரே ஒரு சட்டம் கிட்டத்தட்ட எங்கள் வரப்பு வரை வந்தது. 2005-இல் நிறைவேறிய ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலை நடக்கும் இடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வந்திருந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தி, அவருக்கும் அதே கூலியைக் கொடுக்க வேண்டும் என்றது. இங்கே பெண்களின் தலையை எண்ணவில்லை, பிள்ளைகளின் தலையை எண்ணினார்கள். தோட்டச் சட்டத்திலும் 1981 திருத்தத்தில் 20 பிள்ளைகள் என்ற கணக்கு சேர்ந்தது உண்டு. ஆனால் வாசல் இல்லாத இடத்தில், மரத்தடியில் பிள்ளை பார்ப்பதும் மண் வெட்டுவதைப் போல ஒரு வேலை, அதற்கும் கூலி உண்டு என்று எழுதிய சட்டம் இது. எங்கள் ஊராட்சியில் ஒரு நாள்கூட அப்படி ஒரு பெயர் மஸ்டர் ரோலில் ஏறி நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் பெரியம்மா திண்ணையில் இருந்ததால் வேலையிடத்தில் ஐந்து பிள்ளைகள் சேரவே இல்லை. பெரியம்மா இலவசமாகச் செய்த வேலையே சட்டத்துக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. காலனிகளில் உள்ள அங்கன்வாடிகள் தாய் திரும்பும் நேரம் வரை திறந்திருக்க வேண்டும், அங்கே கைக்குழந்தைக்குத் தொட்டில் வேண்டும், தொட்டிலுக்குத் தனி ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மதிப்பூதியம் என்ற பெயரில் சில்லறை கொடுக்காமல் சம்பளம் கொடுக்க வேண்டும். காப்பகம் எங்கே என்று முடிவு செய்யும்போது, பெண்களின் எண்ணிக்கை எத்தனை என்று கேட்காமல் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். தலித் பெண் பணிக்கு வந்தால் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்பவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாய வேண்டும், பணிக்கு வந்தவர் மீது இடமாற்ற உத்தரவு பாயக் கூடாது. பெரியம்மாவைப் போலத் திண்ணையில் காப்பகம் நடத்தும் குடும்பங்களைக் கணக்கெடுத்து, அரிசியும் பருப்பும் கூலியும் கொடுத்து அங்கீகரிக்க வேண்டும்.

இதை எழுதப் போகிறேன் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். "என்னைப் பத்தி எழுத என்னடி இருக்கு" என்றார். மடியில் இருந்த பிள்ளை அசைந்தது. சத்தம் போடாதே என்று கையைக் காட்டினார். அடுத்த முறை கணக்கெடுக்க யாராவது வந்தால் மருமகள் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பெயர், வயது, அதற்குப் பிறகு தொழில்: பிள்ளைக் காப்பாளர். அனுபவம்: அறுபது ஆண்டுகளுக்கு மேல்.